நிறுத்தாமல் விட்ட பதிவு

“ஆள் ஊரில இல்லாட்டி, காணிக்கும் ஆளில்லை எண்டு நினைச்சுப்போட்டீங்களோ?”

அதட்டிக் கேட்டவள் கிருஷிகா. அடம்பன் சனசமூக நிலையத்தில் நடந்த அந்தக் காணி விசாரணையில் அவளுடைய வேலை கேள்வி கேட்பதல்ல. மைக்கில் பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாகவும் மாற்றித் தரும்படி பைதனில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியவள்.

எப்படிச் சும்மா இருப்பது? இராசேந்திரம் தமிழ்நாட்டு அகதி முகாமில் கால் நூற்றாண்டு கிடந்துவிட்டுத் திரும்பியவர். வந்து பார்த்தால் அவருடைய வயலில் அப்துல் றசாக் கிணறு வெட்டி, வேலி அடைத்து, நெல்லும் விதைத்திருக்கிறார். காணியைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் சொல்லிவிட்டுப் போன தம்பி தங்கராசாவும் போன வருசம் செத்துப்போனார்.

“பிள்ளை, கொஞ்சம் பொறும்” என்றார் தலைவர் அமிர்தநாயகம். “றசாக், காணி உங்களிட்ட எப்பிடி வந்தது? மைக்கில சொல்லுங்கோ.”

றசாக் கடைசி வரிசை வாங்கைப் பார்த்தார். அங்கே தங்கராசாவின் மனைவி புஸ்பம் தலை குனிந்து இருந்தாள்.

“ஒருத்தரும் தரேல்லை. வெறுங்காணியாக் கிடந்தது, நானாத்தான் பிடிச்சனான். நெல்லு வெட்டினதும் விட்டுடுறன்.”

“கிணறு?”

“அதுவும் அவருக்குத்தான்.”

சொன்னது அப்படியே திரையில் விழுந்தது. கிருஷிகா மறுபடியும் குறுக்கே புகுந்தாள். கீரி என்ற ஊரில் அவளுடைய மாமாவின் வீட்டு வளவும் இப்படித்தான் பறிபோனது.

“நீங்களும் புத்தளத்தில அகதியா இருந்துபோட்டு வந்தவர்தானே? இன்னொரு அகதின்ர காணியில கை வைக்க எப்பிடி மனம் வந்தது?”

றசாக் தலைவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்னத்தைச் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். றசாக் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்த மனிதர் இருக்கிற இடத்தில் இருக்கவே பிடிக்காமல் கிருஷிகாவும் விறுக்கென்று எழுந்து போனாள். போன கோபத்தில் பதிவை நிறுத்த மறந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது றசாக் போய்விட்டார். திரையில் புதிதாகச் சில வரிகள் விழுந்திருந்தன. யார் பேசியது என்று நிரலுக்குத் தெரியாது. ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டாள்.

புஸ்பத்தின் குரல், றசாக்கை அண்ணன் முறை வைத்து அழைத்தது. “நானா, என்ர மனுசன்தானே தன்ர காணியெண்டு பொய் சொல்லி உங்களுக்கு வித்தவர். ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா எழுத்தில ஏறும், தங்கச்சி. மவுத்தாப்போனவர் எழும்பி வந்து மன்னிப்புக் கேக்க ஏலுமே? மகளுக்குக் கலியாணமும் பேசியிருக்கிறியள். என்னைக் கள்ளனெண்டு நாலு நாளைக்குச் சொல்லுவினம். சொல்லட்டும்.”

கிருஷிகாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ‘நானாத்தான் பிடிச்சனான்’ என்ற பொய்யை அழித்துவிடத்தான் கை துடித்தது. ஆனால் அழித்தது அதற்குக் கீழே இருந்த உண்மையை. ஒலிப்பதிவின் அந்தப் பகுதியையும் வெட்டி எறிந்தாள்.

“பிள்ளை, எல்லாம் சரியா விழுந்திருக்கோ?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் அமிர்தநாயகம்.

“ஓம் ஐயா. அவர் சொன்னபடியே விட்டிருக்கிறன்.”