கடைசி இரண்டு கட்டம்

குறுக்கெழுத்துப் போட்டியில் பரிசு விழுந்தால் நொண்டி மேஜைக்குப் புதுக்கால் போடுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் மேஜை விடை சொல்லச் சொல்ல, பேனா எழுதியது. போட்டி விதிப்படி விடையெல்லாம் போர்த்துகீசியர் தந்த சொற்கள். சாவி, ஜன்னல், அலமாரி என்று எழுதும்போதே பேனா இளித்தது. "அத்தனையும் கப்பலேறி வந்த கூட்டம்!"

கடைசிக் கேள்வி: எழுத உதவுவது, இரண்டெழுத்து.

"உன் பேர்தான்டா, எழுது" என்றது மேஜை.

"நானா? நான் பரம்பரையா இந்த ஊருண்ணே!"

"நானும் கப்பல்ல வந்தவன்தான்டா. என்ன குறைஞ்சுபோச்சு? தபால் எடுக்கிற நேரமாச்சு, எழுதித் தொலை!"

பேனா விறைப்பாகக் குனிந்தது. கட்டத்தைத் தொடவில்லை. கேள்வியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மூடியை மாட்டிக்கொண்டது.

"இப்போ எந்தக் கேள்வியும் பாக்கியில்லைண்ணே."