யாரும் தொடக் கூடாது

தினமும் சாயங்காலம் சர்வர் படுத்துவிடும். குடும்பப் போட்டோ படங்களை எவன் கம்பெனியிலோ ஏன் சேமித்து வைக்க வேண்டும் என்று, பழைய கம்ப்யூட்டரில் அவனே அமைத்த சர்வர் அது. அப்பாவின் அறை மூலையில் இருந்தது.

“யாரோ பிளக்கைப் பிடுங்குறீங்க! இப்படியே பண்ணினா படமெல்லாம் அழிஞ்சிடும்!” என்று வீடே அதிரக் கத்தினான்.

மனைவி கையை விரித்தாள். அப்பா இருமிக்கொண்டே தன் அறைக்குள் போனார்.

‘யாரும் தொடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிளக்கின் மேல் ஒட்டினான்.

மறுநாள் சாயங்காலம் சர்வர் நிற்கவேயில்லை. வெற்றியைச் சொல்ல அப்பாவிடம் ஓடினான். அவர் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

“ஐயோ அப்பா, ஆஸ்துமா மெஷின் போடலையா?”

“இந்த ரூம்ல ஒரே பிளக் பாயிண்ட்தானேடா... தொடக் கூடாதுன்னுட்டியே.”

அவன் பாய்ந்து சர்வரின் பிளக்கைப் பிடுங்கினான்.

“பாத்துடா,” என்றார் அப்பா, இரைத்தபடியே. “படமெல்லாம் அழிஞ்சிடப் போகுது.”