மைக்கில் விழுந்த குறட்டை

மாமனார் பஞ்சநதம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஈசிசேரில் நன்றாகத் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் சூர்யபிரகாஷ் லேப்டாப்பைத் திறந்தான். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவர் மாப்பிள்ளையிடம் பேசியது மொத்தமே நாலு வார்த்தை. ஒன்று, “சாப்டீங்களா?” மிச்சம் மூன்று, “கம்ப்யூட்டர்ல மேளம் அடிக்கிறீங்களாமே?”

அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிடலாம். சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் தேர்வு; ஐந்தே நிமிடம், ஒரே வாய்ப்பு. சுற்றி இருக்கிற ஏதாவது ஒரு சத்தத்தை மைக்கில் பிடித்து, எதிரொலி சேர்த்து, புரோகிராமே அதற்குத் தாளம் போடும்படி நேரலையில் செய்துகாட்ட வேண்டும். முன்னாலேயே பதிவு செய்து வைத்த சத்தம் கூடாது.

சீர்காழிப் பக்கத்துக் கிராமத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் குறுவை வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஹால் ஜன்னலில், மாமனார் தலைக்கு நேர் மேலே, மைக்கைக் கட்டினான்.

தேர்வு மூன்று மணிக்கு. வயல் மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் மூன்று மணிக்குப் போய்விடும் என்பது பாவம், சென்னைப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஃபேன் சுற்றியது, நெட் இருந்தது. மோட்டார் மட்டும் நின்றுபோனது.

“சார், ஒரு சத்தமும் வரலையே?” தேர்வு நடத்தும் ஜெயபாரதியின் குரல் ஸ்பீக்கரில் ஹால் முழுக்கக் கேட்டது. “இன்னும் அரை நிமிஷம் பாக்குறேன். இல்லேன்னா அடுத்தவரைக் கூப்பிடணும்.”

சூர்யபிரகாஷ் மைக் வயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தான். அப்போதுதான் ஈசிசேரிலிருந்து கிளம்பியது அது.

“கொர்ர்ர்... புஸ்ஸ்...”

அடுக்களையிலிருந்து வானதி ஓடிவந்தாள். “ஐயய்யோ! அப்பா குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லீங்க. வெயில்ல வயல்ல நின்ன அசதி போல. எழுப்பிடவா?”

“எழுப்பினே, கெட்டுது காரியம்!” மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கொர்ரை உறுமலாக்கினான். புஸ்ஸுக்கு எதிரொலி கொடுத்தான். புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டு தவில் மாதிரி தாளம் போட ஆரம்பித்தது. அவன் வேகத்தைக் கூட்டினால் குறட்டையும் ஓடியது; சட்டென்று நிறுத்தினால் குறட்டையும் நின்று, சரியான இடத்தில் மறுபடி வந்து சேர்ந்தது. தன் புரோகிராம் இத்தனை கெட்டிக்காரத்தனமானது என்று அவனுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

“பிரமாதம் சார்! திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க,” என்றாள் ஜெயபாரதி. “ஆமா, அது என்ன வாத்தியம்?”

“டெல்டா பக்கத்துக் காத்து வாத்தியம் மேடம்,” என்று சொல்லி லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

வானதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, தொலைஞ்சோம்!” என்று அவன் காதில் கிசுகிசுத்தாள்.

பஞ்சநதம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த தடவை அவ்வளவு வேகம் வேணாம் மாப்ளே, எனக்கு மூச்சு வாங்குது!”