உடனிருப்பவர்

"அப்ப என் ரத்தமே எனக்கு எதிரின்னு சொல்றியா கண்ணு?"

கேட்டவர் மரியதாஸ். மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாக வலிப்பு வருகிறது.

நர்ஸ் ஃபெபி சிரித்துவிட்டாள். "எதிரியெல்லாம் இல்லீங்க ஐயா. வலிப்புக்கு வழக்கமாக் குடுக்கற மாத்திரை உங்களுக்கு ஆகாதுங்க. தின்னா மேலெல்லாம் கொப்பளிச்சு தோலே உரிஞ்சுரும். மரபணு டெஸ்ட் எடுத்ததால முன்னாடியே தெரிஞ்சுது. டாக்டர் வேற மாத்திரை எழுதியிருக்காரு."

"குடு, கெளம்பறேன்."

"சும்மா குடுக்க முடியாதுங்க. இதுக்கும் தடிப்பு ஏதாச்சும் வருதான்னு ரெண்டு வாரம் கூட ஒருத்தர் இருந்து பாக்கோணும். ஆளில்லைன்னா சேலத்துல பெட்டுல சேத்துருவாங்க."

"சேலமா? அந்த வெக்கையில என் தோலு மாத்திரையே இல்லாம உரிஞ்சுரும்." பிறகு குரல் தாழ்ந்தது. "என் ஊட்டுலயே இருந்துக்கறேன் கண்ணு."

ஃபெபி அவருடைய சிகிச்சை அட்டையை எடுத்தாள். 'உடனிருப்பவர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"ஊட்டுல யாருங்க இருக்காங்க?"

"எம்பையன் ஆசிர்."

"ஏனுங்க, டெஸ்டுக்கும் வரல, இன்னைக்கும் வரல?"

"மிளகு பறிக்க மரம் ஏறிட்டான். ஏறுனா லேசுல எறங்க மாட்டான். சோறெல்லாம் கயித்துலதான் மேல போகும். ஒருக்கா மீசையில்லாம ஏறி மீசையோட எறங்குனான்." முகத்தில் சிரிப்பே இல்லை.

"உங்களோட நல்லாப் பேசுவாருங்களா?"

"நான் பேசுனா பேசுவான். நான் சும்மா இருந்தா அவனும் சும்மாதான் இருப்பான்."

அவர் சொன்ன நம்பரை ஃபெபி எழுதிக்கொண்டாள். "அவருகிட்டப் பேசிப் பாத்துட்டுத்தானுங்க மாத்திரை."

"பேசு கண்ணு. அப்பன் பக்கத்துல நின்னா அவன் நொம்பக் கூச்சப்படுவான்." மரியதாஸ் வெளியே போனார்.

வெகுநேரம் அடித்த பிறகே எடுத்தார்கள்.

"ஆசிருங்களா?"

"ஆமாங்க சிஸ்டர்." சளி பிடித்த குரல்.

"ரெண்டு வாரத்துக்கு அப்பாவைத் தனியா உட்டுறாதீங்க."

"அவரை உட்டுட்டு நான் எங்கீங்க போவேன்? பொறந்ததுல இருந்து அவருகூடவேதானுங்க இருக்கறன்."

ஃபெபிக்கு நிம்மதி. 'ஆசிர், மகன்' என்று அட்டையில் எழுதிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே சில்வர் ஓக் மரத்தடியில், ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனுடன் மரியதாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்: "போனை வெச்சுரட்டுங்களா சிஸ்டர்?"