மந்தாரை மூடும் நேரம்

இலை மூடாமல் காத்தாயி கரையேற மாட்டாள்.

மந்தாரையிலோ இப்போது இலையே இல்லை.

மாசி பிறந்ததும் பழுத்தது. ஒரு வாரக் காற்றில் மொத்தமும் கொட்டிவிட்டது. வாய்க்கால் கரையில் வெறும் குச்சியாக நிற்கிறது. வெடித்து முறுக்கிக்கொண்ட காய்கள் மட்டும் கலகலவென்று ஆடுகின்றன.

செல்லதுரை நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை. செடிக்கு ஒன்றுமில்லை. சித்திரையில் துளிர்த்துவிடும். அப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

சித்திரைவரை இவளை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பதுதான் அவர் கவலை.

அவர் மனைவி காத்தாயி வயலுக்குள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். களை இல்லை, உளுந்து. நெல் அறுத்த தாளில் விதைத்து, பூவெடுக்கிற உளுந்து. பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் குவிக்கிறாள். போனால் போகிறது என்று விட்டுவிட்டார். மறதி நோய் வந்ததிலிருந்து, வயலில் இறங்கினால்தான் அவள் அழாமல் இருக்கிறாள்.

இவர்கள் கூலிக்கு உழைத்த பண்ணை உடைந்து, நிலத்தில் ஒரு மா அளவு இவர்கள் பெயருக்கே வந்து பல வருஷமாகிறது. அவள் கணக்கில் இது இன்னும் பண்ணை வயல். அவளுக்குக் கல்யாணமான புதிது. கரையில் கார்வாரி நின்று வேலை வாங்குகிறான்.

கார்வாரியிடம் கைக்கடிகாரம் இருந்தது. அவன் சொல்கிற மணிக்குத்தான் அது ஓடும். பெண்கள் மந்தாரையைத்தான் நம்பினார்கள். மாட்டுக் குளம்பு மாதிரி நுனி பிளந்த இலை. பொழுது சாய்ந்தால் இரண்டு பாதியும் ஒட்டி மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் கரையேறலாம். சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு அது. அதற்குமேல் ஒரு களை பறிக்கச் சொல்லக் கார்வாரிக்கும் வாய் வராது.

தை முடியும்வரை சிக்கல் இல்லை. இலை மூடியதும் காத்தாயி தானாகவே ஏறி வந்துவிடுவாள்.

நேற்று இருட்டியும் வரவில்லை. பாம்பு நடமாடுகிற நேரம். செல்லதுரை செல்போனை நீட்டி மணியைக் காட்டினார்.

"இதுவும் கார்வாரி கடியாரந்தானே?" என்று திரும்பக் குனிந்துகொண்டாள்.

கையைப் பிடித்து இழுத்தார். "கார்வாரி அடிக்கிறான், கார்வாரி அடிக்கிறான்" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. மஞ்சள் பற்றுப் போடும்போதும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நடுங்கினாள்.

இன்னொரு தடவை அந்தக் கையை அவர் இழுக்க மாட்டார்.

பக்கத்து வயல் சித்தீக்கின் போர்செட் பக்கம் ஒரு மந்தாரை உண்டு. தொட்டித் தண்ணீர் வேரிலேயே ஓடுவதால் அதற்கு மாசி தெரியாது. செல்லதுரை அங்கே போய் அரிவாளால் கிளை கழித்தார்.

"என்னண்ணே, ஆடு வாங்கிட்டீங்களா?" என்றான் சித்தீக்.

"ஆடு இல்லடா தம்பி. உங்க அண்ணிக்கு."

"அண்ணி எப்பலேர்ந்து தழை திங்கறாங்க?"

சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவருக்கு எட்டாத ஒரு கிளையைத் தானே வளைத்து ஒடித்துக் கொடுத்தான்.

மொட்டைச் செடியின் பின்னால் குந்தி, கிளைகளை அதில் வாழைநாரால் கட்டினார். வெட்டிய கிளையில் இலை வாடுமே தவிர மூடாது. ஒவ்வோர் இலையாக நடு நரம்போடு மடித்தார். தென்னை ஈர்க்கைக் கிள்ளி நுனியில் குத்தினார். டம்ளர் பிடித்தாலே நடுங்குகிற விரல்கள். இந்த வேலையில் மட்டும் தடுமாறவில்லை.

வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இலை மூடிருச்சு. கரையேறலாம்."

காத்தாயி நிமிர்ந்தாள். இடுப்பில் கையை ஊன்றியபடி மந்தாரையைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பேறி வந்தாள்.

நேராக வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கலாம். செடியின் கிட்டே போனாள். ஓர் இலையைத் தொட்டாள். ஈர்க்கு விரலில் தட்டுப்பட்டது.

போச்சு என்று நினைத்தார் செல்லதுரை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியவரே, இது தானா மூடல. எங்க வீட்டுக்காரரு மூடி வச்சிட்டுப் போறாரு. வயித்துப் புள்ளையோட குனிய முடியாம கெடக்கறேன்ல, அதுக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. நீங்க கார்வாரி காதுல போட்டுறாதீங்க."

மூத்தவன் வளவன் அவள் வயிற்றில் இருந்த கார்த்திகையில் செல்லதுரை செய்தது அது. ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளிடமும்.

"சொல்ல மாட்டேன் தாயி" என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு இலைகளிலிருந்து ஈர்க்குகளை ஒவ்வொன்றாக உருவி, யார் கண்ணிலும் படாமல் மடியில் செருகிக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகையில், ஈர்க்குகளை உருவிவிட விடியுமுன் வந்து பார்ப்பார் செல்லதுரை. குத்திய ஈர்க்கில் ஒன்றுகூடச் செடியில் இருக்காது. காற்றில் போயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.