ஏழாவது தட்டு

கணினி விளையாட்டில் எங்கள் பனிக் குடியிருப்பில் ஆறு பேர். தினமும் ஆறு சாப்பாட்டுக்குத்தான் உத்தரவு கொடுப்பேன். சமையல்காரர் ஏழு செய்வார். ஆறு பேரும் சாப்பிட்டு எழுந்தபின் ஏழாவது தட்டும் காலியாகிவிடும். கோளாறு என்று விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அப்போதும் ஏழுதான்.

“ஒரு வயிறுதானே, சாப்பிட்டுட்டுப் போகட்டும் விடு,” என்றாள் அக்கா, வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டே.

அடுத்த வாரம் விளையாட்டில் பனி கொட்டிப் பயிர் கருகியது. கிடங்கில் நாளுக்கு ஆறு சாப்பாட்டுக்குத்தான் பொருள் இருந்தது. அன்று சமையல்காரர் ஆறுதான் செய்தார். திரையோரப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘சாப்பிட்டார்’ என்று வந்தது. கடைசியில், பெயரே இல்லாமல், இன்னொரு வரி: ‘வரும்போதே சாப்பிட்டுட்டேன், நீங்க சாப்பிடுங்க.’

தலை வாரியபடி அதைப் படித்த அக்காவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. பானையில் சோறு குறைவாக இருக்கும் நாட்களில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா சொல்வது அது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது.

“இன்னும் அதே பொய்,” என்றாள். “நாமளும் நம்பிட்டுச் சாப்பிட்டோம்.” சீப்பை வைத்துவிட்டு, “இதுல என் பேர்ல ஒருத்தி இருக்காளே, நாளைக்கு அவளைச் சாப்பிட விடாதே,” என்றாள்.

மறுநாள் அப்படியே செய்தேன். ஐந்து பேர் சாப்பிட்டு எழுந்தார்கள். ஆறாவது தட்டு யாரும் தொடாமல் மேசையில் இருந்தது. சாயங்காலம் நாங்கள் பார்த்தபோது அதில் சரியாகப் பாதி மீதமிருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு சாப்பாட்டைப் பாதியாக்க வழியே கிடையாது.