முறை கேட்டவன்

"மாமா, நான் ஒருத்தன் முறையில இருக்கறப்ப பொண்ணை வெளியில குடுக்கறது நல்லா இருக்குதுங்களா?"

வாசற்படியில் நின்று கேட்டான் சந்திரன்.

உள்ளே, ஓசூரிலிருந்து பூ வைக்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி டம்ளரும் கையுமாக அப்படியே இருந்தார்கள். வீட்டுக்காரர் நஞ்சப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

"இப்ப என்ன மாப்ள சொல்ல வர்ற?"

"ராதிகாவை நான் கட்டிக்கறேங்கறேன்."

சமையலறைக் கதவருகே நின்ற ராதிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சந்திரன் அவள் அம்மாவின் கடைசித் தம்பி. தருமபுரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் வெயிலில் நின்றவனும் அவன்தான். சேலத்தில் இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தபோது, அவளைவிட அதிகம் குதித்தான்.

நாளைக்கு அவள் விடுதியில் சேர வேண்டும். ஆனால், "ராத்திரி டூட்டி பாக்கற படிப்பு நம்ம வூட்டுக்கு வேண்டாம். நல்ல இடம் வந்திருக்குது" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். போன வாரம் மாமன் அவளுக்காகப் பேசிப் பார்த்தான். "பெத்தவன் நானா, நீயா?" என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்துவிட்டார்.

அந்த மாமனா இப்போது இப்படி வந்து நிற்கிறான்?

வந்தவர்களில் மூத்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தாய்மாமன் முறை கேட்டு நிக்கறப்ப நாங்க பூ வெச்சா நல்லா இருக்காதுங்க. பொழுதோட கிளம்பறோம்."

பூத்தட்டோடு எழுந்து போய்விட்டார்கள்.

நஞ்சப்பன் அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். தாய்மாமன் கேட்ட பிறகு இல்லை என்று சொன்னால், நாளைக்கு எந்த விசேஷத்திலும் மைத்துனன் வீட்டு ஆட்கள் வந்து நிற்க மாட்டார்கள்.

"சரி, கேட்டுட்ட. ஆவணியிலயே முடிச்சுக்க."

"இப்ப வேண்டாங்க மாமா."

"பின்னே எப்ப?"

"எனக்குச் சம்பாதிக்கற பொண்டாட்டிதான் வேணும். இவ சேலத்துக்குப் போயி மூணு வருசம் படிக்கட்டும். நர்ஸ் வேலையில சேந்த பொறவு கட்டிக்கறேன். அதுவரைக்கும் வேற யாரும் இந்த வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வரக் கூடாது."

"கட்டிக்கப் போறவன் நீ. படிக்க வெக்கறதும் உன் இஷ்டம்" என்று எழுந்துகொண்டார் நஞ்சப்பன்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ராமக்காள் கையைத் தட்டினாள்.

"அதானே பாத்தேன்! சும்மாவா ஆபீசு ஆபீசா அலைஞ்சான்? பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து திங்கறதுக்கு இப்பவே துண்டு போட்டுட்டானே!"

"சொல்லிட்டுப் போங்கக்கா. உங்களுக்கும் ரெண்டு வாய் ஊட்டச் சொல்றேன்" என்று சிரித்தான் சந்திரன்.

அவன் அக்கா, ராதிகாவின் அம்மா கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை.

"இடுப்புல தூக்கி வளத்தேனேடா உன்னை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையில ஆறு மணிக்கு வண்டி கொண்டாறேன். பொட்டியைக் கட்டி வைக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ராதிகா பெட்டியை அடுக்கினாள். வெள்ளை ஷூ, கொண்டைக்கு வலை, நாடி பார்க்க நொடி முள் உள்ள கைக்கடிகாரம், தட்டு, போர்வை. ஆசை ஆசையாக வாங்கியவைதான். ஒன்றையும் தொடப் பிடிக்கவில்லை.

மறுநாள் வண்டியில் அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பேச மாட்டியா கண்ணு?"

"பேச என்ன இருக்குது? நான் படிக்கப் போறதே உங்களுக்குச் சோறு போடத்தான்னு ஊரே சொல்லுது."

"முதல்ல ஊசி போடக் கத்துக்க. மொத ஊசியை எனக்கே போட்டுப் பாத்துக்க."

"விளையாடாதீங்க. உங்களை என் கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சிருந்தேன் மாமா. இனிமேல் அப்படி நெனைக்க முடியுமா?"

சந்திரன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினான்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண் புது பிளாஸ்டிக் வாளியோடு நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"சன்னல் ஓரமா இடம் போட்டிருக்கேன். இந்த வாளியில மக்கு, சோப்பு, கொடிக் கயிறு எல்லாம் இருக்குது. மொத நாளு ஹாஸ்டல்ல இதுக்குத்தான் எல்லாரும் திண்டாடுவாங்க."

பெட்டியையும் அவளே தூக்கி பஸ்ஸில் வைத்தாள். ராதிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரு மாமா இவங்க?"

நேற்று அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து நின்றவன், இப்போது பஸ் டயரைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தான்.

அந்தப் பெண்தான் ராதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிரியங்கா. மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்கறேன். இவரும் நானும் தை மாசம் கட்டிக்கறதா இருந்தோம்; உனக்காகத் தள்ளி வெச்சிருக்கோம். நீ நர்ஸாகி வந்ததும், 'இந்த ஆளு எனக்கு வேண்டாம்'னு ஊர் கேக்கச் சொல்லிடணும், சரியா? ஒரு பேப்பர்லகூட பெயிலாயிடாத கண்ணு... அப்புறம் நாங்க கெழவன் கெழவியாத்தான் மாலை மாத்தணும்!"